வார இறுதியில் ஊர் சுற்றினால் தப்பா, மேடம்?

பெங்களூரு அல்சூரைச் சேர்ந்த ஒரு மாணவி ஜெர்மனியிலிருந்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

வயது 21. மெக்கானிக்கல் என்ஜினீயரிங் இறுதி ஆண்டு. பாடத்திட்டப்படி ஆறு மாத இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஆஹன் நகரில் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்து, மார்ச் தொடக்கத்தில் போனார். மாதம் 1,000 யூரோ உதவித்தொகை. நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறை, வாடகை 390 யூரோ. விமான டிக்கெட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் அப்பா சொசைட்டியில் கடன் வாங்கியிருக்கிறார்.

கூட இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏப்ரலில் ஒரு முறை இவரும் ஆம்ஸ்டர்டாம் போனார். வீட்டில் "ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று சொல்லியிருந்தார். அம்மா போனில் லொக்கேஷன் பார்த்துவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் பெரிய ரகளை. "வேலைக்குக் கொடுத்த விசாவுல ஊர் சுத்துனா புடிச்சு அனுப்பிடுவாங்க. கடன் வாங்கி அனுப்புனது இதுக்கா? இனிமே ரூமும் ஆபீஸும்தான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு சனி, ஞாயிறு இவர் வெளியே போவதில்லை. ஞாயிறு முழுக்கப் படுக்கையிலேயே கிடக்கிறார், சமைப்பதுகூட இல்லை. "அண்ணன் கோவா போனப்ப யாரும் லொக்கேஷன் கேக்கல மேடம்" என்றும் எழுதியிருக்கிறார்.

கேள்விகள் இவை: விசாப்படி இது மீறலா? ஜூனில் நண்பர்கள் லண்டன் போகிறார்கள், ஜெர்மன் விசாவில் போகலாமா? சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் போக முடியாது என்கிறார்களே, உண்மையா? அப்பாவின் கடனை அடைக்க வார இறுதியில் ஓர் ஓட்டலில் ரொக்கத்துக்கு வேலை செய்யலாமா? இன்டர்ன்ஷிப் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது, விசா செப்டம்பர் 15 வரை இருக்கிறது, அந்த இரண்டு வாரம் சுற்றிப் பார்க்கலாமா? எல்லாவற்றுக்கும் கடைசியில், "அப்பா சொல்றதுதான் சரியா?"

அன்பு மகளுக்கு,

நீ கேட்டிருப்பதில் முக்கால்வாசி சட்டம் பற்றிய கேள்விகள். உன்னை ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கையில் கிடத்தியிருப்பது சட்டம் இல்லை என்று உனக்கே தெரியும். இருந்தாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் பதில் தெளிவாக இருக்கிறது, அது தெரிந்தால் அப்பாவிடம் பேசவும் தைரியம் வரும்.

விசா எதுவரை செல்லும்

நீ ஆம்ஸ்டர்டாம் போனது விசா மீறல் இல்லை. உன்னிடம் இருப்பது ஜெர்மனி கொடுத்த 'டி' வகை நீண்டகால விசா. அது செல்லுபடியாகும் வரை, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் பொதுவான விசா விதி வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) சுற்றுலாவாகப் போய்வரலாம். ஜெர்மனிக்குள் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. நீ ஆறு மாதமும் ஒரு வாரம் விடாமல் சனி, ஞாயிறு வெளிநாட்டில் கழித்தாலும் ஐம்பது சொச்சம் நாள்தான் ஆகும். அப்பா பயந்தது அக்கறையால்தான், ஆனால் அவருக்குக் கிடைத்த தகவல் தவறு.

ஜெர்மன் விசாவில் லண்டன் போகலாம் என்று உன் நண்பர்கள் சொன்னால் அது தவறு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும், ஜெர்மன் விசாவைக் காட்டினால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். சுவிட்சர்லாந்து பற்றி நீ கேள்விப்பட்டதும் தவறுதான், ஆனால் உனக்குச் சாதகமான தவறு. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது, தாராளமாகப் போகலாம். அயர்லாந்தும் சைப்ரஸும் இதற்கு நேர்மாறு: ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. 2025 ஜனவரி முதல் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்துவிட்டதால் ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். டிக்கெட் எடுக்கும் முன் அந்தப் பட்டியலை மட்டும் பார், 'ஐரோப்பா' என்ற பெயரை நம்பி எடுக்காதே. இன்னொன்று, விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு முறைதான் என்று இருந்தால், ஷெங்கனை விட்டு வெளியே போன பிறகு அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது. வேறு விசா கையில் இருந்தாலும் லண்டன் போன்ற பயணத்துக்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் பயணத்தில் ஒரே ஒரு விஷயம் எனக்குக் கவலை தந்தது. தொலைந்துவிடும் என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு, போனில் போட்டோ மட்டும் எடுத்துப் போனதாக எழுதியிருக்கிறாய். இனி அப்படிச் செய்யாதே. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. நெதர்லாந்திலிருந்தோ பெல்ஜியத்திலிருந்தோ திரும்பும்போது ரயிலிலும் பஸ்ஸிலும் போலீஸ் ஏறலாம். அவர்கள் கேட்பது அசல் பாஸ்போர்ட், விசா. போட்டோ செல்லாது. உள்பையில் பத்திரமாக வைத்துக்கொள். ஒருவேளை தொலைந்தால் உடனே போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலோடு இந்தியத் துணைத் தூதரகத்தை அணுக வேண்டும். நீ இருக்கும் மாநிலத்துக்கு அது பிராங்க்பர்ட்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை பிரித்துப் படி. சில இன்டர்ன்ஷிப் பாலிசிகள் ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும், சிலவற்றில் பனிச்சறுக்கு, மலையேற்றம் போன்றவை சேராது. புரியாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள். அவசரம் என்றால் ஒன்றியம் முழுக்க 112. ஜெர்மனியில் இரவிலோ விடுமுறையிலோ காய்ச்சல், வயிற்றுவலி என்றால் 116117-ஐக் கூப்பிட்டால் பணியில் இருக்கும் டாக்டரைச் சொல்வார்கள்.

அந்த ஓட்டல் வேலை

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

உனக்கு அந்த வேலையைச் சொன்ன அண்ணன் அங்கே முதுகலை படிக்கிறார். படிப்பு விசாவில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. உன் விசா அந்த வகை இல்லை. குறிப்பிட்ட நிறுவனத்தில் குறிப்பிட்ட இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் கொடுத்தது, அதிலேயே அப்படி எழுதியிருக்கும். வேறு எந்தச் சம்பள வேலையும் அனுமதியில்லாத வேலைதான். ரொக்கமாக வாங்கினால் தெரியாது என்று சொல்வார்கள். ஓட்டல்களில் சுங்கத் துறையினர் திடீரென்று வந்து தொழிலாளர்களின் காகிதங்களைப் பார்ப்பது அங்கே வழக்கம். கரண்டி பட்டுக் கை வெந்தால் விபத்துக் காப்பீட்டுக்கு அலைய வேண்டும், சம்பளம் தராவிட்டால் கேட்கப் போகவும் பயமாக இருக்கும். நீயே அடுத்து அங்கே முதுகலை படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இது வந்து நிற்கும். சொசைட்டிக் கடனை அடைக்க ஆயிரம் வழி இருக்கிறது, உன் எதிர்கால விசாவை அடகு வைக்க வேண்டியதில்லை.

அப்பாவின் கோபம்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதம் முழுக்க நீ "ஊர் சுற்றியதற்கு அப்பா கோபப்பட்டார்" என்றே எழுதியிருக்கிறாய். நீ எழுதியிருப்பதை அவர் பக்கத்திலிருந்து படித்துப் பார். மகள் ஆபீசில் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதருக்கு, மனைவி அழுதுகொண்டே போனை நீட்டுகிறார். திரையில் புள்ளி வேறு நாட்டில் இருக்கிறது. கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்னென்ன நினைத்திருப்பார்? ரூமும் ஆபீஸும்தான் என்று அவர் போட்ட தடை, அந்த ஒரு மணி நேரத்திலிருந்து வந்தது. பயணத்துக்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். பொய்க்குக் கேள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், பயணமும் தவறுதான் என்று நீயே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

அண்ணன் கோவா போன விஷயம் நியாயமான வருத்தம். மகனுக்கு ஒரு கயிறு, மகளுக்கு ஒரு கயிறு என்று நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை அப்பாவிடம் நீ ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பேச்சில் அதைக் கொண்டுவராதே. கொண்டுவந்தால் பேச்சு கோவாவுக்குப் போய்விடும், உன் விஷயம் அந்தரத்தில் நிற்கும். அண்ணனிடம் தனியாகப் பேசு. இந்த வீட்டில் உனக்காகப் பேசக் கடமைப்பட்டவர் அவர்தான்.

இனிமேல் எப்படி? அனுமதி கேட்டு நிற்காதே, மறைக்கவும் செய்யாதே. உனக்கு 21 வயது, நீ எங்கே போவாய் என்று முடிவு செய்யும் உரிமை உனக்கு உண்டு. கவலைப்படுகிறவர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பும் உண்டு. வியாழக்கிழமையே இப்படி ஒரு செய்தி போட்டுவிடு: "சனிக்கிழமை காலைல கொலோன் போறேம்ப்பா. ரயில்ல ஒரு மணி நேரம். கூட ஹவுஸ்மேட் ரெண்டு பேர் வர்றாங்க, அவங்க நம்பர் அனுப்பியிருக்கேன். சாயங்காலம் ரூமுக்கு வந்து போன் பண்றேன்." கேள்விக்குறி இல்லாத செய்தி. முதல் தடவை அவர் பதில் போடாமல் இருக்கலாம், ஒரு வார்த்தை கடுமையாகவும் சொல்லலாம். நீ சொன்ன நேரத்துக்கு போன் பண்ணு. அப்பாக்களின் மனசு வாதத்தில் மாறுவதைவிட, சொன்ன நேரத்துக்கு வரும் போன்களில்தான் அதிகம் மாறுகிறது. கோடையில் அங்கே ராத்திரி 8 என்றால் அல்சூரில் 11.30. அம்மாவைத் தூங்கவிடாமல் காக்க வைக்காத நேரமாகச் சொல்.

லொக்கேஷன் பகிர்வை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது நிறுத்தினால் இன்னொன்றை மறைக்கிறாய் என்றுதான் தோன்றும். சில வாரம் போகட்டும், நம்பிக்கை திரும்பியபின் நீயே பேசி முடிவு செய்.

இன்னொரு யோசனை. உன் அப்பாவுக்கு "வேறு நாடு" என்றாலே கடல் தாண்டும் பயணம். உன் ஊர் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆஹனில் டவுன் பஸ் ஏறினால் நெதர்லாந்தின் வால்ஸ் வந்துவிடும். ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் கல் அங்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் அவருக்கு வீடியோ கால் போடு. அந்தக் கல்லைச் சுற்றி நடந்து மூன்று நாட்டையும் காட்டு. வரைபடம் வைத்து விளக்குவதைவிட இது வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மனியில் ஞாயிறு மனசை அழுத்தும் என்று என்னிடம் பேசும் பிள்ளைகள் பலரும் சொல்கிறார்கள். கடை கிடையாது, தெருவில் சத்தம் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக்கூட அன்று தயங்குவார்கள். ஞாயிறு சாயங்காலம் பஜார் தெருவில் நடந்து பழகிய பெண்ணுக்கு அந்த அமைதி, யாருமே தன்னைச் சீந்தவில்லை என்பது போலத் தெரியும். அது உன் குறை இல்லை, அந்த நாட்டின் வழக்கம். அதற்குத் தகுந்தபடி வாரத்தை மாற்றிக்கொள். காய்கறி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடு. ஞாயிறு காலை ஒரு சாம்பாராவது வை. சமைக்காமல் கிடக்கும் நாளில்தான் படுக்கை இழுக்கும்.

அப்புறம் ஆஹனையே இன்னும் நீ பார்க்கவில்லை என்று தெரிகிறது. அந்த ஊர்ப் பேராலயம் 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களில் ஒன்று. உன் அறையிலிருந்து நடக்கும் தூரமாக இருக்கலாம்! தெற்கே ஐபெல் காடுகள், மொன்ஷாவ் என்ற பழைய சிற்றூர். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ள ஊர் என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள், ஒருத்தர் கிடைத்தால் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

உனக்காக ஒன்று சொல்கிறேன். ஆஹனிலிருந்து ஆர்.இ. 1 என்ற வட்டார ரயில் கொலோன், டூசல்டார்ப், டார்ட்முண்ட் வழியாக ஹம் வரை போகிறது. அந்த ஹம் நகரின் ஓரத்தில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. போரில் ஊரை விட்டு வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு செய்த கோயில், கோபுரத்தோடு. கோடைத் தொடக்கத்தில் தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். பக்தி உனக்கு எவ்வளவு என்று தெரியாது. ஆனால் சுற்றிலும் தமிழ் காதில் விழும் ஒரு நாள் உனக்கு இப்போது தேவை. காலையில் மைசூர் போய் ராத்திரி திரும்புவது போலத்தான் இதுவும், ரயில் நேரம் மட்டும் பார்த்துக்கொள்.

ஒன்று கவனி. படுக்கையில் கிடப்பது ஞாயிற்றுக்கிழமையோடு நிற்காமல் வார நாட்களுக்கும் வந்தால், தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்தால், "வாழ்ந்து என்ன" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, காத்திருக்காதே. உன் கல்லூரி கவுன்சலரிடம் வீடியோவில் பேசலாம். ஜெர்மனிக்குள் 0800 1110111 என்ற எண்ணில் இரவு பகல் இலவசமாக ஆள் பேசுவார்கள், பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். எனக்கும் எழுது.

பணமும் திங்கட்கிழமையும்

ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேல் என்று ஒவ்வொரு காபிக்கும் பெருக்கிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். யூரோவில் வாங்கி யூரோவில் செலவழிக்கும் வரை அந்தப் பெருக்கல் உன்னை வதைக்கத்தான் உதவும். வாடகை, சாப்பாடு, போன் போக மிச்சத்தை இரண்டாகப் பிரி: அப்பாவின் கடனுக்கு மாதம் ஒரு தொகை, சிறிதானாலும் தவறாமல். பயணத்துக்கு ஒரு தொகை, அதற்கு மேல் இல்லை. முதல் தொகையை அப்பாவிடம் சொல்லிவிடு. கடனை மறந்துவிட்டு ஆடுகிறாள் என்ற எண்ணம் அதோடு போகும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 யூரோ, 2026 ஜனவரி முதல். நாடு முழுக்க வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாம் அதில் அடங்கும். வேகமான ஐ.சி.இ., ஐ.சி. ரயில்களில் செல்லாது, தெரியாமல் ஏறினால் அபராதம் 60 யூரோவிலிருந்து தொடங்கும். அது மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் மறந்துவிடாதே.

உன் ஹவுஸ்மேட்கள் இரண்டு நாளில் மூன்று ஊர், இரவு பஸ்ஸில் தூக்கம் என்று போகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் போய்வந்த திங்கட்கிழமை மீட்டிங்கில் நீ கண்ணசந்ததை மேலாளர் பார்த்ததாகச் சொல்கிறாய். அவர் எழுதும் மதிப்பீடுதான் உன் முதுகலை விண்ணப்பத்துக்கு வேண்டும். நீண்ட பயணம் மாதம் ஒன்று போதும், மற்ற வாரங்களில் பக்கத்து ஊர். ஞாயிறு கடைசி ரயிலை நம்பாதே. 2024-இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் சுமார் 62 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. உன் மாநிலத்தில் மே, ஜூன் மாதங்களில் வியாழக்கிழமைகளில் அரசு விடுமுறை வரும். வெள்ளி ஒரு நாள் லீவு கிடைத்தால் நாலு நாள் சேரும். ஆனால் கட்டாய இன்டர்ன்ஷிப்புக்குச் சட்டப்படியான லீவு உரிமை கிடையாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பார்த்துவிட்டு முன்கூட்டியே கேள்.

செப்டம்பர் முதல் 15 வரை

விசாவில் தேதி இருக்கிறது என்பதால் மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதே. அந்த விசா இன்டர்ன்ஷிப்புக்காகக் கொடுத்தது. அது ஆகஸ்ட் 31-இல் முடிந்தபின் மிச்ச நாட்களில் தங்கிச் சுற்றலாமா என்று ஆஹன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஜூலை தொடக்கத்துக்குள் மின்னஞ்சல் எழுதிக் கேள். ஒப்பந்தத்தின் நகலையும் விசாவின் நகலையும் இணை. நிறுவனம் எடுத்த காப்பீடு ஒப்பந்தத்தோடு முடிகிறதா என்றும் பார், முடிந்தால் அந்த இரண்டு வாரத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். எழுத்தில் பதில் வந்தபிறகு, 15-ஆம் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பெங்களூருக்கு விமானம் போடு. விமானம் ரத்தாகி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அது உன் கணக்கில்தான் எழுதப்படும்.